லுங்கிக்கு லுங்கி

1

ஜூன் பிறந்தால், அமெரிக்காவில் நாங்கள் இருக்கிற எடிசனில் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் புல் வெட்டும் மெஷின் உறுமத் தொடங்கும். மற்றவர்களுக்கு அது கோடைக்காலம். எனக்கு அது என் நீலக் கட்டம் போட்ட லுங்கியின் நினைவு நாள்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பவானி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, சுற்றி நின்று பார்த்தார்களாம். ஒருத்தர் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டார் என்றும் கேள்வி. மீதிப் பேருக்கு நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவன் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

நான் பெரிய படிப்பாளி இல்லை. ஆறாம் வகுப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதனால் இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. பிறகு தோசைக்கல்லோடு பழகினேன். அந்தக் கல்தான் என்னை நியூஜெர்சிவரை தூக்கிக்கொண்டு வந்தது. ஒரு ஹோட்டல்காரர் மாஸ்டராக அழைத்து வந்தார். இப்போது ஓக் ட்ரீ ரோட்டில் சின்னதாகச் சொந்த டிபன் கடை.

நம் ஊரில் புல் வளர்ந்தால் ஆடு சந்தோஷப்படும். இங்கே டவுன்ஷிப், அதாவது நகராட்சி, கோபப்படும். போன வருடம் ஜூனில் அவர்களிடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. உன் வீட்டுப் புல் அளவுக்கு மேல் வளர்ந்துவிட்டது, வெட்டாவிட்டால் நடவடிக்கை என்று. என் தலைமுடி கொட்டியதைப் பற்றி ஒரு அரசாங்கமும் கவலைப்பட்டதில்லை. புல்லுக்கு மட்டும் சீல் வைத்த கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை மெஷினை எடுத்தேன். இடுப்பில் மடித்துக் கட்டிய லுங்கி, காலில் ரப்பர் செருப்பு. முன்னால் தள்ளிக்கொண்டு போனவரை ஒன்றும் ஆகவில்லை. வேலி ஓரத்தில் திருப்ப இடமில்லை. பின்பக்கமாக நடந்து மெஷினை என்னை நோக்கி இழுத்தேன். தப்பு அங்கேதான். மடிப்பு அவிழ்ந்து நுனி தரையைத் தொட்டது. மெஷின் அதையும் புல் என்றே எடுத்துக்கொண்டது. லுங்கியா நானா என்று முடிவெடுக்க அரை நிமிடம்கூட இல்லை. லுங்கியைக் கொடுத்துவிட்டு நான் ஓடினேன். மெஷின் அதை விழுங்கி, விக்கி, நின்றது. வலது செருப்பின் நுனியைக் காணோம். பெருவிரல் இருந்தது. தோல் கிழிந்ததோடு சரி.

அவசர சிகிச்சை கிளினிக்கில் ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, என்ன உடை அணிந்திருந்தீர்கள் என்று கேட்டாள். லுங்கி என்றேன். ஸ்பெல்லிங் கேட்டாள். எனக்குத் தமிழிலேயே சந்தேகம். கூட வந்திருந்த என் மகள் யாழினி தரையைப் பார்த்துக்கொண்டு, "இட்ஸ் லைக் அ ஸ்கர்ட்" என்றாள். இந்த நாட்டு மருத்துவக் குறிப்பில், பாவாடை கட்டிக்கொண்டு புல் வெட்டியவனாக நான் இன்றைக்கும் இருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

2

என் மனைவி சுமதியின் தம்பி பிரபு, பார்சிப்பனியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். ஆபீஸில் தீ விபத்து ஒத்திகை வந்தால் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு, எந்தப் படிக்கட்டில் இறங்க வேண்டும் என்று கை காட்டுகிற பொறுப்பும் அவனுக்கு உண்டு. அந்த மஞ்சள் சட்டையை அவன் மனதுக்குள் கழற்றுவதே இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால், "மாமா, ஏணிய யாராச்சும் பிடிச்சுக்கணுமுங்க", "மாமா, தொப்பி போடாம வெயில்ல நிக்கறீங்களே" என்று ஆரம்பித்துவிடுவான். பாதுகாப்புக்கு என்று சொல்லி எங்கள் கொல்லையில் ஒரு கேமரா மாட்டியவனும் அவன்தான். பாஸ்வேர்டு அவன் போனில்.

நான் கிளினிக்கில் இருந்து வீடு வருவதற்குள் வீடியோ தயாராகிவிட்டது. ஸ்லோ மோஷன், பின்னணியில் நாதஸ்வரம், லுங்கி போகிற இடத்துக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி. கீழே "சேஃப்டி ஃபர்ஸ்ட் மாமா" என்று எழுதி சொந்தக்காரர் குரூப்பில் போட்டிருந்தான். அங்கிருந்து அது எங்கெங்கோ போனது. கடைக்கு வந்த கஸ்டமர் ஒருத்தர், "மாஸ்டர், ஒரு லுங்கி தோசை" என்றார். சட்டினியை அவர் தலையில் ஊற்றியிருப்பேன், வாடிக்கையாளர் ஆயிற்றே.

போன் செய்தேன்.

"காமெடிக்குத்தானுங்க மாமா போட்டேன். எல்லாருக்கும் ஒரு அவேர்னஸ் வரட்டும்னு."

"அவேர்னஸ் வந்துருச்சு மாப்ளே. எனக்குத்தான் வெளிய வர முடியல."

"நான் பேண்ட் போட்டு, ஷூ போட்டு வெட்டுங்கன்னு சொன்னேனா இல்லீங்களா? பின்னால இழுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லீங்களா?"

சொன்னான். எல்லாம் சொன்னான். அவன் சொன்னது சரியாகப் போனதுதான் விரலைவிட அதிகமாக வலித்தது.

இதையும் தாங்கியிருப்பேன். வீடியோ யாழினியின் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது. அவள் எங்கள் ஒரே பெண், ஒன்பதாவது படிக்கிறாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். வீடியோவுக்கு முன்பெல்லாம் சாயங்காலம் கொல்லை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முறுக்கு கடித்துக்கொண்டே பள்ளிக்கதை பேசுவாள். பாதி எனக்குப் புரியாது. சரியான இடத்தில் தலையாட்டக் கற்று வைத்திருந்தேன். வீடியோவுக்குப் பிறகு அவள் கொல்லைப் பக்கமே வரவில்லை. கேட்டால் ஹோம்வொர்க்.

ஒரு நாள் காரில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, "அப்பா, கார்னர்ல விட்டுடு. ப்ளீஸ்" என்றாள்.

"ஏஞ்சாமி, கேட்டு அங்கதான இருக்குது?"

"யூ நோ வை."

என் வாழ்நாளில் எந்த இங்கிலீஷும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முடிவெடுத்தேன். பிரபு ஒரு நாள் இதே கொல்லையில், இதே ஆட்கள் முன்னால், யாழினி பார்க்க, நான் நின்ற மாதிரி நிற்க வேண்டும். விடமாட்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கேமராவின் மேல் பழைய இட்லித்துணியைக் கட்டினேன்.

3

பழி வாங்குவது சினிமாவில் சுலபம். எனக்கு ஒரு வருடமாக ஒரு யோசனையும் உருப்படவில்லை. அவன் தட்டில் மட்டும் காரத்தை ஏற்றலாம் என்று நினைத்தேன். அவன் வயிறு கெட்டால் என் கடைப் பெயர் கெடும். கொல்லை ஊஞ்சலின் கயிற்றைத் தளர்த்தலாம் என்று நினைத்தேன். அதில் முதலில் உட்காருவது சுமதி. அவள் விழுந்தால் அப்புறம் நான் எழவே முடியாது.

இதற்கிடையில் இன்னொரு எதிரியும் சேர்ந்தது. இந்த ஏப்ரலில் கொல்லை வேலியில் ஏறியிருந்த ஒரு கொடியை வெறுங்கையால் பிடித்து இழுத்தேன். மூன்று மூன்று இலையாகப் பளபளவென்று அழகாக இருந்தது. மறுநாள் கை அரித்தது. அதற்கடுத்து வீங்கியது, கொப்புளம் வந்து நீர் வடிந்தது. கல்லருகே நிற்க முடியவில்லை. சுமதிதான் கடைக்குப் போய்த் தோசை வார்த்தாள். அவள் தோசை நன்றாக இருக்கிறது என்று கஸ்டமர்கள் சொன்னது தனிப் புண்.

யாழினி என் கையைப் பார்த்ததுமே, "ஓ மை காட் அப்பா, பாய்சன் ஐவி!" என்றாள். பள்ளிக்கூடத்துக் கேம்பில் காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். நான் அதற்குச் சொறிக்கொடி என்று பெயர் வைத்தேன். ஊர் வழக்கப்படி சருகைக் கூட்டி அதைக் கொளுத்தப் போனேன். தீக்குச்சியை அவள் பிடுங்கிவிட்டாள். அதன் புகை நுரையீரலுக்குப் போனால் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டுமாம். பட்ட உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவணும், உடுப்பைக் கழற்றித் தனியாகத் துவைக்கணும், அதன் எண்ணெய் துணியிலும் ஒட்டும் என்றெல்லாம் சொன்னாள். அந்த வருடத்திலேயே என்னிடம் அவள் அதிகம் பேசியது அன்றைக்குத்தான். வீங்கிய கையோடு சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பின்வேலி மூலையில் மேப்பிள் மரத்தில் ஏறியிருந்த மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டேன். டவுன்ஷிப்புக்குப் போன் செய்தால் ஒருத்தர் இன்னொருத்தருக்கு மாற்றினார், அவர் பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பிரபுவிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் இரண்டாம் பாகம் எடுப்பான். கையை யாருக்கும் காட்டாமல் முழுக்கைச் சட்டையில் மறைத்து வைத்திருந்தேன்.

4

இந்த ஜூனில், லுங்கி போன அதே வாரம், கொல்லையில் கிரில் போட்டு விருந்து வைத்தேன். எடிசனில் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் சில, பிறகு பிரபு. திட்டம் ஒன்றும் இல்லை. ஆளைக் கூப்பிட்டு வைப்போம், வழி தானாகத் தெரியும் என்றுதான்.

அவன் வந்து இறங்கிய கோலம் இருக்கிறதே! அகலத் தொப்பி. முகத்தில் விபூதி அபிஷேகம் செய்த மாதிரி சன் ஸ்கிரீன். உண்ணி கடிக்காமல் இருக்க பேண்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகியிருந்தான். கையில் கிளவுஸ். வந்ததும் கிரில்லைச் சுற்றி வந்தான்.

"மாமா, சொவத்த விட்டு இன்னும் தள்ளி வைங்க. பக்கத்துல ஹோஸ் எடுத்து வெச்சு, பைப்பத் தொறந்து ரெடியா வெக்கோணும்."

"ஆகட்டும் மாப்ளே."

குழாயைத் திறந்து, நுனிப் பிடியை அழுத்தினால் தண்ணீர் பாய்கிற மாதிரி ஹோஸைக் கொண்டுவந்து வைத்தேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் ஜீன்ஸும் பூட்ஸும் போட்டிருந்தேன்.

"ஏனுங்க மாமா, இன்னைக்கு லுங்கி லீவுங்களா?"

கொல்லையே சிரித்தது. அன்றைக்கு எப்படியோ வெளியே வந்து படியில் உட்கார்ந்திருந்த யாழினி, தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே போகப் போகிறாள் என்று நினைத்தேன். என் கையில் இடுக்கி இருந்தது. இடுக்கியில் கோழிக்கால் இருந்தது. அதில் பிரபுவின் மூக்கு இருந்திருந்தால் என்று நினைத்துத் திருப்பிப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்வேலி மூலையிலிருந்து சத்தம்.

"மாமா! இத்தன நாளா சொல்லவே இல்லீங்களே!"

"என்னத்த?"

"வில்வம்! உங்க கொல்லையில வில்வம் இருக்குது!"

அன்று பிரதோஷம், அதனால்தான் அவன் கோழியைத் தொடவில்லை. அவன் மனைவி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தாள். பூஜையை விட்டுவிடக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இங்கே கடையில் கிடைப்பதெல்லாம் காய்ந்த வில்வம், தொட்டால் தூள். மரத்தில் ஏறியிருந்த சொறிக்கொடியின் மூன்று இலையைப் பார்த்ததும் அவனுக்குச் சிவபெருமானே பார்சிப்பனி ஆபீஸுக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

"மாப்ளே, வில்வம் மரமாச்சே? முள்ளெல்லாம் இருக்குமே?"

"கொடி வில்வம்னு ஒன்னு இருக்குதுங்க மாமா." திரும்பி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். "நீங்க படிச்சிருக்க மாட்டீங்க."

திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

அவன் தொப்பியை எடுத்தான். சாமிக்குப் பறிக்கிற இலையை உறையோடு தொடக் கூடாது என்று கிளவுஸைக் கழற்றினான். ஷூவைக் கழற்றினான், சாக்ஸைக் கழற்றினான். ஒரு வருடமாக எனக்குப் பாடம் எடுத்த அத்தனை பாதுகாப்பையும் ஒவ்வொன்றாகப் புல்லில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு, வெறுங்கையோடு, "சிவ சிவா" என்று அந்தக் கொடியை நோக்கிப் போனான். கோயிலுக்குள் போகிறவன் மாதிரி.

நான் படிப் பக்கம் திரும்பினேன். யாழினி உள்ளே போயிருக்கவில்லை. அவளுக்கும் அது என்ன கொடி என்று தெரியும். இப்போது கத்துவாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு விரலை உதட்டில் வைத்தாள். இன்னொரு கையில் போனைத் தூக்கினாள்.

என் மகள்! பிரசவ ஆஸ்பத்திரியில் என் சாடை என்று நர்ஸ் சொன்னதை அன்றைக்குத்தான் நம்பினேன்.

அவன் பறித்தான். மூன்று மூன்றாக, பழுது இல்லாததாகப் பார்த்துப் பார்த்து, இடது உள்ளங்கையில் அடுக்கினான். எனக்குள் மேளமே அடித்தது. அரிக்கட்டும். விடிய விடியச் சொறியட்டும். கீபோர்டில் விரல் வைக்க முடியாமல் மேனேஜரிடம் காரணம் சொல்லட்டும். அந்த ஆனந்தத்தில் கோழி கருகியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

இலை நிறைந்தது. அவன் கிழக்கே திரும்பி நின்று, இரண்டு கையாலும் அதை ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தூக்கினான்.

இதை நான் யோசிக்கவே இல்லை. நாம் எல்லாரும் செய்வதுதான். கோயில் பூவோ, துளசியோ, கையில் வந்தால் அடுத்து கண்ணுக்குத்தான் போகும். ஏப்ரலில் என் கை வீங்கி நின்றது ஞாபகம் வந்தது. இது இமையில் பட்டால்? அவன் கை அரிக்க வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். கண்ணை நான் கேட்கவில்லை.

அவன் ரெடியாக வைக்கச் சொன்ன ஹோஸ் என் காலடியில் கிடந்தது. எடுத்து அவன் கையைப் பார்த்து அடித்தேன். இலையெல்லாம் பறந்தது.

"ஐயோ, என்னங்க மாமா பண்றீங்க!"

"கையத் தூக்காத! மூஞ்சியத் தொடாத மாப்ளே!"

"சாமி இலைங்க மாமா!"

"சாமியும் இல்ல, வில்வமும் இல்ல. அது விஷக்கொடிடா!"

"மாமா, பாய்சன் ஐவி! டோன்ட் டச் யுவர் ஃபேஸ்!" என்று யாழினி கத்தினாள். போனை மட்டும் கீழே இறக்கவில்லை.

அந்த வார்த்தையைக் கேட்டதும் பிரபுவின் முகத்தில் சன் ஸ்கிரீனுக்கு அடியிலும் வெளுத்தது தெரிந்தது. "இதுவாங்க அது? நான் போட்டோலதான் பாத்திருக்கேன்..."

"சட்டையக் கழட்டு."

"இங்கயேங்களா?"

"அந்தக் கொடியோட எண்ணெய் துணியில ஒட்டியிருக்கும். உள்ள போனீனா கதவு, சோபா, உங்கக்கா, எல்லாத்து மேலயும் அப்பிட்டுப் போவ."

சமையலறை ஜன்னலில் இருந்து சுமதியின் குரல் வந்தது. "டேய் பிரபு, அவங்க சொல்றதச் செய்டா! அவங்க கை வீங்கிக் கெடந்தத நான் பாத்தேன்!"

சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகவே பாத்திரம் கழுவும் சோப்பையும், துவைத்து மடித்து வைத்திருந்த என் பச்சை லுங்கியையும் தூக்கிப் போட்டாள். சத்தியமாக லுங்கியை நான் கேட்கவில்லை. தெய்வமாகப் பார்த்துக் கொடுத்தது.

ஆற்றங்கரையில் பிடிப்பது போல லுங்கியை மறைப்பாகப் பிடித்து, அவன் தலைவழியாக மாட்டினேன். உள்ளே அவன் பேண்ட்டைக் கழற்ற ஒற்றைக்காலில் குதித்தான். பிறகு நான் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அமெரிக்கக் குழாய்த் தண்ணீர் ஜூனிலும் ஐஸ்தான். கை, முழங்கை, கால், கழுத்து என்று ஒரு இடம் விடாமல் சோப்புப் போட வைத்தேன். நகக்கண்ணைக் காட்டு என்றேன், காட்டினான். திரும்பு என்றேன், திரும்பினான். லுங்கி கட்டி எத்தனையோ வருடம் ஆனதால் அது இடுப்பில் நிற்கவில்லை. சோப்புக் கையால் பிடிக்கவும் முடியாமல், இரண்டு முழங்கையாலும் அதை இடுக்கிக்கொண்டு, பல் தந்தியடிக்க நின்றான். முதலில் பயத்தில் தள்ளி நின்ற கூட்டத்தில் யாரோ ஒருத்தர் களுக்கென்றார். அவ்வளவுதான், கொல்லை முழுக்கச் சிரிப்பு பரவிவிட்டது.

"போதுங்க மாமா, குளுருது!"

"சேஃப்டி ஃபர்ஸ்ட் மாப்ளே" என்று சொல்லி இன்னொரு சுற்று அடித்தேன்.

5

அவனுக்கு மணிக்கட்டில் கொஞ்சம் தடிப்பு வந்ததோடு சரி. கண் தப்பியது. அதில் எனக்கு வருத்தமில்லை. அடுத்த நாள் அவன் செய்ததுதான் தாங்க முடியவில்லை. சொந்தக்காரர் குரூப்பில் நீளமாக எழுதினான். தக்க சமயத்தில் என் கண்ணைக் காப்பாற்றிய மாமாவுக்கு வாழ்நாள் கடன்பட்டிருக்கிறேன், அவர் தெய்வம், இத்யாதி. கீழே ஊரே கும்பிட்ட கையாகப் போட்டிருந்தது. பழி வாங்கப் போனவனுக்கு நன்றி சொன்னால் அவன் எந்த முகத்தை வைத்துக்கொள்வது? போன் வேறு செய்தான்.

"மாமா, அது பாய்சன் ஐவின்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நீ கண்ணுக்குக் கொண்டு போறப்பத்தான் மாப்ளே பளிச்சுன்னு தெரிஞ்சுது."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த யாழினிக்குப் புரையேறியது.

அன்று சாயங்காலம் பெஞ்சில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். பின்கதவு திறந்தது. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் முறுக்கு.

"அப்பா, லுக்."

வீடியோ. அவன் கிளவுஸைக் கழற்றுகிற இடத்திலேயே தொடங்குகிறது. அவனுக்குப் பின்னால், கிரில் பக்கத்தில், இடுக்கியோடு நான் நிற்கிறேன். வாய் காதுவரை விரிந்திருக்கிறது. கல்யாண போட்டோவில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

"யூ வேர் ஸ்மைலிங் த ஹோல் டைம்" என்றாள்.

"நீ மட்டும்? கை நடுங்காம எடுத்திருக்க."

அவள் முறுக்கைக் கடித்தாள். பிறகு தமிழிலேயே சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து. "ஸ்கூல்ல எல்லாரும் பாத்தாங்க அப்பா. மாமாதான அனுப்புனாரு."

"அதுக்கு என்னைய ஏஞ்சாமி கார்னர்லயே எறக்கிவுடச் சொன்ன?"

"கேட் கிட்ட நின்னு லாஃப் பண்ணுவாங்க. ஐ டிண்ட் வாண்ட் யூ டு ஹியர் இட்."

டீ ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தேன். இல்லாவிட்டால் என்னென்னவோ ஆகியிருக்கும். அந்த வீடியோவை மறுபடி போடச் சொன்னேன். இருட்டும்வரை திரும்பத் திரும்பப் பார்த்தோம். அவன் ஒற்றைக்காலில் குதிக்கிற இடம் வந்தால் அவளே நிறுத்திப் பின்னால் ஓட்டுவாள். அதை ஊருக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் என் சிரிப்பும் கூடவே போகும், தெய்வம் என்று எழுதியவர்கள் வேறு எதையாவது எழுதுவார்கள். இருக்கட்டும். யார் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ அவள் பார்த்துவிட்டாள்.

அடுத்த வாரம் முழுக்கைச் சட்டை, பூட்ஸ், கிளவுஸ் என்று அச்சு அசல் பிரபு மாதிரியே உடுத்திக்கொண்டு, யாழினி தள்ளி நின்று கட்டளையிட, அந்தக் கொடியை வேரோடு தோண்டிப் பையில் கட்டி எறிந்தேன். அந்தக் கணக்கும் தீர்ந்தது. இப்போது அவளைப் பள்ளிக்கூட கேட்டிலேயே இறக்கிவிடுகிறேன்.

பிரபு என் பச்சை லுங்கியைத் தனியாகத் துவைத்து, இஸ்திரி போட்டு, கவரில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். அவனை மன்னித்துவிட்டேனா என்று ஊரில் கேட்கிறார்கள். அந்த லுங்கியை நான் கட்டுவதில்லை. கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில், உள்ளே வருகிறவர் கண்ணில் படுகிற உயரத்தில் தொங்குகிறது. பிரபு வரும்போதெல்லாம் அதைப் பார்க்கிறான், தொப்பியைச் சரிசெய்துகொள்கிறான், பாடம் எதுவும் எடுக்காமல் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான்.

அதை அங்கே மாட்டியது நான் இல்லை. ஆணி அடித்தவள் என்னைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்தாள்.